ஐஸ் கியூப் பாடிய 'நாங்கள்': அதில் யாரெல்லாம் இருந்தார்கள்?



எங்கள் படிப்பு வட்டத்தில் மாதம் ஒருமுறை புத்தகத்துக்குப் பதிலாகப் பாட்டு கேட்போம். ஒரு ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்பது, உட்கார்ந்து அர்த்தம் பிரிப்பது, பிறகு பேசுவது. கடந்த மூன்று சந்திப்புகளும் ஐஸ் கியூபுக்கே போயின. இதைத் தொடங்கிவைத்தவர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர். கானாவும் ராப்பும் கலந்து சொந்தமாக எழுதிப் பாடுபவர். ஊரில் நடந்த ஒரு பிரச்சினையில், இரவோடு இரவாகக் காவல் நிலையத்துக்கு இழுத்துச் செல்லப்பட்ட தன் அண்ணனைப் பற்றி ஒரு பாட்டு எழுதியிருந்தார். ஏப்ரல் 14 நிகழ்ச்சியில் அதைப் பாட வேண்டும் என்பது அவர் விருப்பம்.

பாட்டின் இரண்டு இடங்களில் எங்களுக்குள் சண்டை வந்தது. ஒன்று, ஆதிக்கச் சாதிக்காரர்களின் வீட்டுப் பெண்களை இழுத்துத் திட்டிய வரிகள். இன்னொன்று, கட்டட வேலைக்கு வந்திருக்கும் பீகார், ஒடிசா தொழிலாளர்களை "வடக்கன்" என்று ஏசிய வரிகள். திருத்தச் சொன்னோம். தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "கோவத்துல வர்ற பாட்டை யாராச்சும் உக்காந்து திருத்துவாங்களாக்கா? ஐஸ் கியூப்கிட்ட போய் திருத்துன்னு சொன்னாங்களா?" என்றார். சரி, அவரையே கேட்டுப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

ஐஸ் கியூபின் இயற்பெயர் ஓஷே ஜாக்சன். 1969இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர், நகரின் தென்பகுதியில் வளர்ந்தவர். உழைக்கும் குடும்பம். பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையர் பெரும்பான்மையாக வாழ்ந்த சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கு வரை பேருந்தில் போய் வந்தார். தினமும் இரண்டு அமெரிக்காவையும் ஜன்னல் வழியாகப் பார்த்தவர் என்று சொல்லலாம். பாட்டு சோறு போடுமா என்ற சந்தேகத்தில் அரிசோனாவுக்குப் போய்க் கட்டட வரைபடப் படிப்பும் படித்தார். "கேங்ஸ்டா ராப்" என்ற பெயரைக் கேட்டு இவரை ரவுடி என்று நினைத்திருந்த எங்களில் பலருக்கு இது புதிய செய்தி. அவர் அடிப்படையில் எழுத்தாளர். தெருவில் பார்த்ததைத் தன்மையில் நின்று எழுதியவர்.

இந்த வகைப் பாட்டை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஃபிலடெல்ஃபியாவின் ஸ்கூலி டி 1985இலும், லாஸ் ஏஞ்சல்ஸின் ஐஸ்-டி 1986இலும் வழி போட்டுவிட்டார்கள். ஆனால் தெருக் கதையை அரசியல் வழக்காக மாற்றியதில் ஐஸ் கியூபின் பங்கு பெரிது. அது புரிய வேண்டுமானால் அந்த ஊரைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தெற்கு லாஸ் ஏஞ்சல்ஸில் கறுப்பின மக்களுக்கு ஓரளவு நல்ல கூலி தந்தவை பெரிய தொழிற்சாலைகள். குட்இயர், ஃபயர்ஸ்டோன் டயர் ஆலைகள் 1980இல் மூடப்பட்டன. சவுத் கேட்டில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1982இல் மூடப்பட்டது. வேலை போன இடத்துக்கு கிராக் கொக்கைன் வந்தது. அதன் பின்னால் போலீஸ் வந்தது. 1986இல் வந்த மத்தியச் சட்டப்படி, விற்பதற்காக 5 கிராம் கிராக் வைத்திருந்து பிடிபட்டால் குறைந்தது ஐந்து ஆண்டுச் சிறை. அதே தண்டனை கிடைக்க, தூள் கொக்கைன் என்றால் 500 கிராம் வைத்திருக்க வேண்டும். கிராக் வழக்குகளில் பெரும்பாலும் சிக்கியவர்கள் ஏழைக் கறுப்பர்கள். தூள், பணக்கார வெள்ளையர்களின் விருந்துகளோடு சேர்த்துப் பார்க்கப்பட்ட சரக்கு. ஒரே போதைப் பொருளுக்கு நூற்றுக்கு ஒன்று என்று இரண்டு நீதி. சட்டத்தில் நிறம் என்ற சொல்லே இல்லை. அதை எழுதாமலேயே வேலை நடந்தது. இந்த விகிதத்தைக் குறைக்கவே 2010 வரை ஆயிற்று.

1987இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் "சுத்தியல் நடவடிக்கை" என்ற பெயரில் கூட்டம் கூட்டமாகக் கைது செய்யத் தொடங்கியது. 1988 ஏப்ரலில் ஒரே வாரக் கடைசியில் 1,400க்கும் மேற்பட்டவர்கள் பிடிக்கப்பட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி டால்டன் அவென்யூவில் எண்பதுக்கும் மேற்பட்ட போலீசார் குடியிருப்புகளுக்குள் புகுந்தார்கள். சுவரை இடித்தார்கள், கழிப்பறைத் தொட்டியை உடைத்தார்கள், வீட்டுச் சாமான்களை நொறுக்கினார்கள். கிடைத்த போதைப் பொருளோ மிகச் சொற்பம். பிறகு நகர நிர்வாகம் பல லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தது. இதைப் படித்தபோது எங்களில் யாரும் வியக்கவில்லை. கலவரத்துக்குப் பிறகு சேரிக்குள் நுழையும் போலீஸ் முதலில் உடைப்பது தொலைக்காட்சிப் பெட்டியையும் தண்ணீர்க் குடத்தையும்தான் என்பது உண்மையறியும் குழுக்களில் போனவர்களுக்குத் தெரியும்.

அந்த 1988இல்தான் என்.டபிள்யூ.ஏ. குழுவின் 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' வெளிவந்தது. ஈஸி-ஈ, டாக்டர் ட்ரே, எம்.சி. ரென், டிஜே யெல்லா ஆகியோருடன் ஐஸ் கியூப். வரிகளில் பெரும்பகுதியை எழுதியவர்களில் அவர் முக்கியமானவர். அதில் போலீசைத் திட்டும் பாட்டு உலகப் பிரசித்தம். ஆனால் அது வெறும் திட்டு அல்ல என்பதைக் கேட்டபோதுதான் உணர்ந்தோம். பாட்டு முழுவதும் ஒரு நீதிமன்றக் காட்சி. ட்ரே நீதிபதி, மற்றவர்கள் சாட்சிகள், குற்றவாளிக் கூண்டில் போலீஸ். வாழ்நாள் முழுக்கக் கூண்டில் நிறுத்தப்பட்டவர்கள், பாட்டு ஓடும் நேரத்துக்காவது நீதிமன்றத்தைத் தங்கள் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். 1989 ஆகஸ்டில் எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர், போலீஸ் மீதான வன்முறையைத் தூண்டுவதாகக் குற்றம் சாட்டி இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். 2017இல் அதே ஆல்பத்தை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசியப் பாதுகாப்புக்குரிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்தது. கோபம் சுடச்சுட இருக்கும்போது அது குற்றம். ஆறிய பிறகு பாரம்பரியம். அம்பேத்கரின் சிலையை ஏற்றுக்கொண்டு அவர் எழுத்தை மறைக்கும் நாட்டில் இருக்கும் நமக்கு இது புதிதல்ல.

பணப் பங்கீட்டுத் தகராறில் 1989 கடைசியில் ஐஸ் கியூப் குழுவை விட்டு விலகினார். நியூயார்க் போய், பப்ளிக் எனிமியின் இசையைத் தயாரித்த பாம் ஸ்குவாடுடன் சேர்ந்து 1990 மே மாதம் முதல் தனி ஆல்பத்தைக் கொண்டுவந்தார். அமெரிக்கா என்ற பெயரின் நடுவே 'கே' எழுத்தை மூன்று முறை போட்டு, கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை வெறிக் கும்பலை நாட்டின் பெயருக்குள்ளேயே காட்டிய 'அமெரிக்காஸ் மோஸ்ட் வான்டட்' அது.

இந்த ஆல்பத்தில்தான் எங்கள் சந்திப்பு உடைந்தது. ஒரு பாட்டில், தன்னால் கர்ப்பமானதாகச் சொல்லும் பெண்ணின் வயிற்றில் உதைத்தால் என்ன என்று பாடுபவன் யோசிக்கிறான். அதை வேடிக்கையாகச் சொல்கிறான். அர்த்தம் புரிந்ததும் பெண் தோழர்கள் இருவர் எழுந்து வெளியே போனார்கள். அவர்களில் ஒருவர் குடும்ப வன்முறை வழக்குகளில் பெண்களோடு காவல் நிலையம், மருத்துவமனை என்று அலைபவர். நாங்கள் பாட்டை நிறுத்தினோம். ஆண் தோழர் ஒருவர், "அது பாத்திரம் பேசுறது, அவரு பேசலையே" என்றார். வாசலில் இருந்தபடியே பதில் வந்தது: "போலீசைப் பத்தி பாடுறப்ப மட்டும் அவரு நெஜத்தைப் பாடுறாரு, எங்களைப் பத்தி பாடுறப்ப பாத்திரம் பேசுதா?"

இதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. இன்றும் இல்லை.

அடுத்த சந்திப்புக்கு அவர்கள் இருவரும் வந்தார்கள். கையில் கேள்விகளோடு வந்தார்கள். அதே ஆல்பத்திலேயே யோ-யோ என்ற இளம்பெண் ஐஸ் கியூபோடு நேருக்கு நேர் நின்று, ஆண்களின் உலகம் என்ற அவர் வாதத்தை வரிக்கு வரி மறுக்கும் பாட்டு இருப்பதை எடுத்துக் காட்டினார்கள். 1991இல் யோ-யோவின் முதல் ஆல்பம் வெளிவர ஐஸ் கியூபே உதவினார். ஏஞ்சலா டேவிஸ் அவரைச் சந்தித்து நீண்ட உரையாடல் நடத்தினார். பெல் ஹூக்ஸும் அவரைப் பேட்டி கண்டார். இரண்டு பேரும் அவரை ஒதுக்கவில்லை, சும்மாவும் விடவில்லை. பெல் ஹூக்ஸின் வாதம் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது. பெண் வெறுப்பைக் கறுப்பு இளைஞர்கள் கண்டுபிடிக்கவில்லை. வெள்ளை ஆதிக்க, முதலாளிய, ஆணாதிக்கச் சமூகம் கற்றுக்கொடுத்ததை அவர்கள் உரக்கச் சொல்கிறார்கள். பழியை அவர்கள் தலையில் மட்டும் கட்டிவிட்டு மற்றவர்கள் தப்பிக்கக் கூடாது. அதற்காக அந்த இளைஞர்களுக்குப் பொறுப்பில்லை என்றும் ஆகிவிடாது. இதுவே அதன் சாரம்.

பொறுப்பு என்று சொன்னால் டீ பார்ன்ஸ் பெயரைச் சொல்லியாக வேண்டும். தொலைக்காட்சியில் ராப் நிகழ்ச்சி நடத்திய கறுப்பினப் பெண். ஐஸ் கியூபுக்கும் பழைய குழுவுக்கும் நடந்த வாய்ச்சண்டையை ஒட்டி ஒளிபரப்பான ஒரு நிகழ்ச்சிக்காக, 1991இல் டாக்டர் ட்ரே அவரை அடித்து நொறுக்கினார். ஆண்கள் இருவருக்குள் சண்டை, அடி வாங்கியது பெண். 2015இல் என்.டபிள்யூ.ஏ. கதை திரைப்படமாக வந்து பெரும் வெற்றி பெற்றது. படத்தில் டீ பார்ன்ஸ் இல்லை. அவரே எழுதிக் கேட்ட பிறகுதான் ட்ரே பொதுவில் வருத்தம் தெரிவித்தார். போராட்ட வரலாற்றை எழுதும்போது எந்த அடியைக் குறிப்பது, எதை விடுவது என்பதை ஆண்களே தீர்மானிக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இரண்டாவது சந்திப்பில் கேட்டது 'டெத் சர்டிஃபிகேட்'. 1991 அக்டோபர் 29இல் வந்தது. அவரது ஆல்பங்களில் மிகக் கனமானது இதுதான் என்பது எங்கள் கருத்து. முதல் பாதிக்கு மரணப் பக்கம் என்று பெயர், இரண்டாம் பாதிக்கு வாழ்வுப் பக்கம். நாம் இன்று எங்கே நிற்கிறோம், எங்கே போக வேண்டும் என்று அவரே பிரித்துக்கொண்டார். படித்துவிட்டு வேலை கிடைக்காமல், குழந்தைக்குப் பால் வாங்கப் போதைப் பொருள் விற்கப் போகும் இளைஞனின் கதை இருக்கிறது. குண்டடிபட்டு அரசு மருத்துவமனைக்குப் போனவனை மருத்துவர் பார்க்கும் முன் போலீஸ் விசாரிக்கிறது. வரிசையில் கிடந்தே அவன் சாகிறான். அந்தப் பாட்டு முடிந்ததும் அறையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. வெட்டுப்பட்டவரைக் கூட்டிக்கொண்டு போய், "முதல் தகவல் அறிக்கை எங்கே?" என்ற கேள்விக்குப் பதில் தேடி அலைந்தவர்கள் எங்களில் மூன்று பேர் இருந்தோம்.

வாழ்வுப் பக்கத்தில் சொந்த மக்களையே கேள்வி கேட்கும் பாட்டும் இருக்கிறது. நம்மைக் கெடுப்பவர்களில் நாமும் உண்டு என்கிறார். அதைச் சொன்ன அதே காலத்தில், கறுப்பினக் குடியிருப்புகளைக் குறிவைத்து விற்கப்பட்ட செயின்ட் ஐட்ஸ் என்ற மலிவு மது வகைக்கு அவர் விளம்பரம் செய்துகொண்டிருந்தார். பப்ளிக் எனிமியின் சக் டி, தன் குரலை அந்த விளம்பரத்தில் பயன்படுத்தியதற்காக வழக்குப் போட்டார். ஐஸ் கியூப் பணம் வாங்கிக்கொண்டு நடித்தார். முரண்பாடு என்று மெதுவாகச் சொல்லிக் கடக்க நாங்கள் விரும்பவில்லை. அது தவறு.

இந்த ஆல்பத்தில் 'பிளாக் கொரியா' என்று ஒரு பாட்டு உண்டு. ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே ஓடும். அதன் பின்னணியைத் தெரிந்துகொள்ளாமல் அதைப் பேசக் கூடாது. 1991 மார்ச் 3இல் ராட்னி கிங்கைப் போலீசார் அடித்த காட்சியை உலகமே பார்த்தது. பதின்மூன்றே நாள் கழித்து, மார்ச் 16இல், லட்டாஷா ஹார்லின்ஸ் என்ற 15 வயதுக் கறுப்பினச் சிறுமி ஒரு கடைக்கு ஆரஞ்சுச் சாறு வாங்கப் போனாள். விலை 1.79 டாலர். திருட வந்ததாகக் கொரியக் கடைக்காரப் பெண்மணி அவளைப் பிடித்து இழுத்தார். கைகலப்பு. சிறுமி திரும்பி நடக்கும்போது பின்னந்தலையில் சுட்டார். செத்துக் கிடந்தவள் கையில் இரண்டு டாலர் இருந்தது. ஜூரிகள் குற்றவாளி என்றார்கள். நவம்பர் 15இல் நீதிபதி கொடுத்த தண்டனை: நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 500 டாலர் அபராதம். ஒரு நாள் சிறைகூட இல்லை.

தீர்ப்புக்கு இரண்டு வாரம் முன்பே வந்த அந்தப் பாட்டு, கறுப்பர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் கொரியக் கடைகளைக் கொளுத்துவோம் என்று மிரட்டுகிறது. கொரிய மளிகைக் கடைக்காரர்கள் சங்கம் அந்த மது வகையை விற்க மறுத்தது. நிறுவனம் விளம்பரத்தை நிறுத்தியது. பிறகு ஐஸ் கியூப் அவர்களிடம் வருத்தம் தெரிவித்தார். தம்பியின் கேள்விக்கு முதல் பதில் இங்கே கிடைத்தது. ஐஸ் கியூபையும் கேள்வி கேட்டார்கள், அவரும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

1992 ஏப்ரல் 29இல், ராட்னி கிங்கை அடித்த போலீசார் விடுவிக்கப்பட்டதும் நகரம் பற்றி எரிந்தது. 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொரியர்களின் கடைகள் மட்டும் 2,000க்கும் மேல் சேதமடைந்தன. போலீஸ் பணக்காரப் பகுதிகளின் எல்லையைக் காத்தது. கொரியர்களும் கறுப்பர்களும் லத்தீன் மக்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டது. கொரியர்கள் அந்த நாளை 'சா-இ-கு', அதாவது நான்கு-இரண்டு-ஒன்பது, என்று இன்றும் நினைவுகூர்கிறார்கள். லட்டாஷாவுக்கு நடந்தது அநீதி. அந்தக் கடைகளைக் கொளுத்தியதால் லட்டாஷாவுக்கு நீதி கிடைக்கவில்லை. ஆலையை மூடியவன், கடன் தர மறுத்த வங்கி, தீர்ப்பெழுதிய நீதிபதி யாருடைய வீடும் அந்தத் தெருவில் இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவர் கல்லாவில் நின்றவர் மட்டுமே.

1992 நவம்பரில் வந்த 'தி பிரடேட்டர்' ஆல்பத்தைக் கடைசிச் சந்திப்பில் கேட்டோம். எரிந்த நகரத்தின் புகை அதில் முழுக்க இருக்கிறது. ஆனால் உலகம் ஞாபகம் வைத்திருப்பது 'இட் வாஸ் எ குட் டே' பாட்டை. நல்ல நாள் என்றால் என்ன? அம்மா சமைத்த காலை உணவு, நண்பர்களோடு கூடைப்பந்து, போலீஸ் வழிமறிக்கவில்லை, தெரிந்தவர் யாரும் சாகவில்லை. அவ்வளவுதான். மற்றவர்களுக்குச் சாதாரணமான ஒரு நாள், சிலருக்குப் பாட்டு எழுதும் அளவுக்கு அபூர்வம். யாரையும் திட்டாமலே ஒரு அரசைக் குற்றவாளியாக்க முடியும் என்பதை இந்தப் பாட்டில் படித்தோம். தம்பி இதைத் திரும்பத் திரும்ப மூன்று முறை போடச் சொன்னார்.

பிறகு அவர் சினிமாவுக்குப் போனார். 1991இல் ஜான் சிங்கிள்டனின் 'பாய்ஸ் என் த ஹூட்' படத்தில் நடித்தவர், 1995இல் 'ஃப்ரைடே' படத்தைத் தானே சேர்ந்து எழுதினார். தெருவை நகைச்சுவையாகவும் காட்ட முடியும் என்று நிரூபித்தார். சொந்தத் தயாரிப்பு, சொந்த இசை நிறுவனம், கூடைப்பந்து லீக் என்று வளர்ந்தார். சம்பளத்துக்கு எழுதி ஏமாந்தவர் உடைமையாளர் ஆனதை நாங்கள் குறைத்துப் பேசமாட்டோம். ஆனால் 2020இல் யூதர்களை இழிவுபடுத்தும் படங்களைப் பகிர்ந்து கண்டிக்கப்பட்டார். அதே ஆண்டுத் தேர்தலில் கறுப்பர்களுக்கான கோரிக்கை அறிக்கையோடு டிரம்ப் தரப்போடும் பேசினார். எந்தக் கட்சி பதவிக்கு வந்தாலும் பேசியாக வேண்டும் என்றார். நம்மிலும் இப்படிப்பட்டவர்கள் இல்லையா? கறுஞ்சிறுத்தைகளைப் பார்த்து 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர் நாம்தேவ் தசால். சிவப்பு விளக்குத் தெருவின் மொழியை அப்படியே கவிதைக்குள் கொண்டுவந்து மராத்தி இலக்கியத்தை அதிரவைத்தவர். பிற்காலத்தில் சிவசேனையோடு நெருங்கினார். அதனால் அவர் கவிதை பொய்யாகிவிடவில்லை. கவிதை பெரிது என்பதால் அந்த நெருக்கம் சரியாகிவிடவும் இல்லை.

இனி தம்பியின் பாட்டுக்கு வருவோம். மூன்றாவது சந்திப்பின் முடிவில் அவர் கேட்டார்: "எதிரிக்கு வலிக்கணும்னா வேற எங்கக்கா அடிக்கிறது?" அன்று வெளியே போன தோழர் சொன்னார்: "தம்பி, நீ எழுதுன அந்த வரியை எங்க ஊர்ல எங்களைப் பாத்து அவனுங்க சொல்றானுங்க. வார்த்தை கூட மாறல." தம்பி அதன் பிறகு ரொம்ப நேரம் பேசவில்லை.

ஏப்ரல் 14 அன்று பாட்டைப் பாடினார். போலீசைப் பற்றிய ஒரு வரியும் குறையவில்லை. பெண்களைப் பற்றிய வரிகள் போய்விட்டன. "வடக்கன்" இருந்த இடத்தில், தன் அண்ணனுக்கும் பீகார் தொழிலாளிக்கும் வேறு வேறு கூலி பேசி இரண்டு பேரையும் மோதவிடும் கான்ட்ராக்டர் வந்திருந்தார். கடைசியில் புதிதாக ஒரு பத்தி: அண்ணன் வீட்டில் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா மீன் குழம்பு வைக்கிறார், ஜீப் சத்தம் கேட்கவில்லை. கூட்டத்தில் ஓரமாக நின்றிருந்த அவருடைய அம்மா அழுதார்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தத் தோழர் இன்றும் ஐஸ் கியூபைக் கேட்பதில்லை; கேட்கச் சொல்லி நாங்களும் வற்புறுத்துவதில்லை. தம்பி இன்றும் கேட்கிறார். இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்துதான் அடுத்த மாதத்துக்கான ஆல்பத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த முறை யோ-யோ.

மேடைகளில், அறிக்கைகளில், பாட்டுகளில் "நாங்கள்" என்று நாமும் தினமும் சொல்கிறோம். இந்தக் கட்டுரை முழுவதும் நாங்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறோம். தோழர்களே, உங்கள் ஊரில் ஒரு பாட்டு எழுதப்படும்போது, மேடையேறும் முன் உங்கள் பெண் தோழர்களுக்கு அதைப் பாடிக் காட்டுங்கள். யாராவது எழுந்து வெளியே போனால், பாட்டை நிறுத்திவிட்டு வாசல்வரை போய்க் கேளுங்கள்.